டிஜே இரவில் அம்பாவுக்கும் இடம் கொடுங்கள்: கடலோரத் திருவிழாக் கமிட்டிகளுக்குத் திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நம் கரையில் உள்ள ஊர்களின் திருவிழாக் கமிட்டியாருக்கும், மைக்செட் வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

திருவிழாவுக்கு டிஜே வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். வருத்தமெல்லாம், ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிற்கும் மூன்று மணி நேரமும் நிமிடத்துக்கு 128, 130 தாள அடி என்று ஒரே வேகத்தில், ஒரே இடியாகப் போய்விடுகிறதே என்பதுதான். வலை இழுக்கும்போது பாடும் அம்பா வையுங்கள், முளைப்பாரிக் கும்மி வையுங்கள், பக்கீர்கள் தாயிரா என்ற தோல் கருவியைத் தட்டிப் பாடும் பாட்டு வையுங்கள் என்று கேட்டால், "வச்சுப் பாத்தாச்சு, எடுபடல" என்ற பதில் வருகிறது. எடுபடாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் வைத்த முறை. முதல் ஒரு மணி நேரத்தைப் பலவகைப் பாட்டுக் கலவைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எப்படி வைத்தால் எடுபடும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் சத்தம். இன்றைய ரீமிக்ஸ்களை உச்சத்துக்கு அழுத்தித் தயாரிக்கிறார்கள். பழைய கேசட்டிலிருந்து எடுத்த கும்மி அதைவிட 10 டெசிபல் தாழ்ந்திருப்பது சாதாரணம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தம்தான். கூட்டம் "சவுண்டு வை" என்று கத்தும், டிஜே பயந்து பாட்டை மாற்றிவிடுவார். ஹெட்போனில் கேட்டபடியே, மீட்டரில் பச்சை முடியும் இடம் வரை கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) ஏற்றிவிட்டு, அதன்பின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொட்டால் இந்தச் சிக்கலே வராது. கெயின் ஏறும்போது பழைய பதிவில் கிடக்கும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் ஏறும் என்பதால், வீட்டிலேயே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் குறைத்து, சுருக்காத வேவ் கோப்பாகப் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுருங்கி வந்த பாட்டைப் பெரிய பாக்ஸில் வைக்கவே வைக்காதீர்கள். போனில் நன்றாகக் கேட்கும், திடலில் தகரம் தட்டும்.

அடுத்தது பேஸ். நெஞ்சில் இடிக்கும் பாட்டு முடிந்த கையோடு பேஸே இல்லாத பழைய பதிவு வந்தால், காலடி மண்ணை அலை இழுத்துக்கொண்டு போனது போலிருக்கும். ஓடுகிற பாட்டின் பேஸைக் கடைசி 32 அடிகளில் மெல்ல மெல்ல இறக்குங்கள். பத்து விநாடி தம்பூரா சுருதியோ அலைச்சத்தமோ ஓடட்டும். காது பழகிய பிறகு கும்மி வரட்டும்.

சுருதியும் அப்படித்தான். கட்டை என்பது சுருதியின் அளவு. 1 கட்டைப் பாட்டுக்குப் பின்னால் 4 கட்டையோ 5 கட்டையோ வந்தால் உறவாகச் சேரும், ஒன்றரைக் கட்டை வந்தால் காது கூசும். வேகத்தை 6 சதவீதம் ஏற்றினால் சுருதியும் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் கீ லாக்கைப் போட்டு அதைத் தடுக்கலாம். ஆனால் 8 சதவீதத்தைத் தாண்டினால் நாதஸ்வரக் கமகம் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம் எங்களுக்குத் தாங்காது.

பலரும் இடறுவது தாளத்தில். கரைவலை அம்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாட்டின் வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்கிப் பாடுவார்கள். வலை கனத்தால் பாட்டு இழுபடும், வலையின் மடி (மீன் சேரும் பை) கரைக்கு நெருங்கினால் வேகம் பிடிக்கும். 68-ல் தொடங்கி 76-ல் முடியும் பதிவுக்கு மென்பொருள் 72 என்று சராசரி போட்டுத் தாளக் கட்டம் வரைந்துவிடும். அதை நம்பி, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே சேர்க்கும் சிங்க் பொத்தானை அமுக்கினால் எட்டு அடிக்குள் ஏறக்குறைய அரை அடி விலகி, இரண்டு பாட்டும் ஒன்றையொன்று மிதிக்கும். சிங்கை அணைத்துவிடுங்கள். கடைசி "ஏலேலோ"வில் நாலு அடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப்பில் பிடியுங்கள், அதற்குள் வேகம் அலையாது. லூப் 76-ல் ஓடினால், 152-ல் உள்ள உறுமியைப் பேஸ் முழுக்க மூடிய நிலையில் உள்ளே விடுங்கள். 16 அடி இரண்டும் சேர்ந்து நடக்கட்டும். பிறகு உறுமியின் பேஸைத் திறந்து, "ஏலேலோ"வை எக்கோவில் கரைத்துவிடுங்கள். இழுத்த கைகளும் ஆடும் கால்களும் அங்கே ஒரே தாளத்துக்கு வந்துவிடும். 90-க்கும் 135-க்கும் இதே போல ஒரு கணக்கு உண்டு: அங்கே இரண்டு அடி விழும் நேரத்தில் இங்கே மூன்று விழும். தவில்காரர்களைக் கேட்டால் கையில் போட்டே காட்டுவார்கள்.

எல்லாப் பாட்டையும் ஒட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. நியூயார்க்கில் 1970-ல் தன் இருப்பிடத்திலேயே லாஃப்ட் என்ற ஆட்ட விருந்துகளைத் தொடங்கிய டேவிட் மன்கூசோ, பின்னாளில் மிக்ஸரையே எடுத்துவிட்டு ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசி வரை முழுசாக ஒலிக்கவிட்டார். கூட்டம் ஆடத்தான் செய்தது. இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டையும் பொப்பிசையையும் கேட்டு வளர்ந்த கரை இது. நாகூர் ஹனிபாவின் பாட்டை வெட்டாமல் முழுசாக வைத்தால் நின்று கேட்பார்கள்.

மைக்செட் அண்ணன்மாருக்கு ஒன்று. தெரு நெடுகக் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் கலவையை விடாதீர்கள். ஒலி 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.29 விநாடி ஆகும். 120 வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை விநாடிதான். குழாய்க்குக் கம்பி வழியே ஒலி உடனே வந்துவிடும் என்பதால், மேடையிலிருந்து 87 மீட்டர் தள்ளி அந்தக் குழாய்க்குக் கீழே நிற்பவருக்கு, மேடை பாக்ஸின் அடி சரியாக இரண்டு அடிகளுக்கு நடுவே வந்து விழும். தாளம் இரட்டித்து, கேட்கிறவருக்குத் தலை வலிக்கும். குழாயை அறிவிப்புக்கு மட்டும் வையுங்கள், இல்லையென்றால் மீட்டருக்கு 2.9 மில்லி விநாடி வீதம் குழாயின் ஒலிக்கு டிலே (தாமதம்) கொடுங்கள். கச்சான் காற்றில் வரும் மணலும் உப்பும் ஃபேடரைக் கரகரக்க வைக்கும். பொழுது சாயும்வரை மிக்ஸரை மூடியே வையுங்கள், பின்களைக் கான்டாக்ட் கிளீனர் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

சட்டத்தையும் கமிட்டியார் கணக்கில் எடுக்க வேண்டும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாகத் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. தாழ்ந்த சத்தத்தில் நிற்கக்கூடியது குரலும் தோல் கருவியும் கலந்த கலவைதான், வெறும் இடி நிற்காது.

பாடியவர்களைக் கேட்காமல் பதிவு எடுக்க வேண்டாம். வலைக்காரரோ, கும்மிப் பாட்டுக்காரப் பாட்டியோ, யாராக இருந்தாலும் சம்மதம் வாங்கி, கையில் பணமும் கொடுங்கள். ஒப்பாரியை ஆட்டத்துக்கு வைக்காதீர்கள். தாயிராப் பாட்டையும் மாதா பாட்டையும் அந்தந்த ஜமாத்தாரிடமும் பங்கிலும் கேட்ட பிறகு சேருங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே டிஜேயிடம் பேசிவிடுங்கள்: ஏழு முதல் எட்டு வரை பலவகைக் கலவை, அதில் நம் ஊர்ப் பதிவு குறைந்தது ஐந்து, முந்தின நாள் மாலை திடலிலேயே அரை மணி நேரம் ஒலிச் சோதனை. சோதனையின்போது கமிட்டியில் ஒருவர் மேடைக்கு முன்னாலும், இன்னொருவர் திடலின் கடைசியிலும் நின்று கேளுங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோரத்தில் பாட்டுக் கலக்கும் சிலர்