மூன்று வருடக் கணக்கு: எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் கழக உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டீக்கடைச் சுவரில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். "வெளியூர் அணிக்காக ஆடியவர் மூன்று ஆண்டுகளுக்கு நம் அணியில் ஆட இயலாது." பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்று பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த பையன்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் கழுவினான்.

பொங்கலுக்கு நடந்த எழுவர் போட்டியில் நம் கழகத்தில் வளர்ந்த அந்தப் பள்ளிப் பையன் தேவகோட்டைப் பக்கத்து அணிக்கு ஆடினான். ஆட்டத்துக்கு ஐந்நூறு ரூபாய், போக வர பஸ் காசு, இரவுச் சாப்பாடு. அரையிறுதியில் நம்மைத்தான் சந்தித்தார்கள். இடது காலால் ஒரு கோல் போட்டான், நாம் தோற்றோம். அடித்தபின் அவன் கையைத் தூக்கவில்லை, ஓடவும் இல்லை. வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து, தன்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காரும் நம் கோல்கீப்பரின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி நடுக்கோட்டுக்குத் திரும்பினான். நான் கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்றிருந்ததால் பக்கத்தில் பார்த்தேன். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

சபாஸ்டியன் அப்ரூ என்ற பெயரை இளைய உறுப்பினர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். உருகுவேக்காரர், முன்கள ஆட்டக்காரர். மினாஸ் என்ற ஊரில் 1976 அக்டோபரில் பிறந்தவர். ரசிகர்கள் வைத்த பெயர் 'எல் லோகோ'. நம் மொழியில் 'கிறுக்கன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995இல் டிஃபென்சர் ஸ்போர்ட்டிங் அணியில் தொடங்கி 2021இல் சுட் அமெரிக்கா அணியில் பூட்ஸைக் கழற்றும்போது அவருக்கு 44 வயது. இடையில் 31 அணிகள், 11 நாடுகள். உருகுவே, அர்ஜென்டினா, ஸ்பெயின், பிரேசில், மெக்சிகோ, இஸ்ரேல், கிரீஸ், ஈக்குவடார், பராகுவே, எல் சால்வடார், சிலி. எண்ணிப் பாருங்கள். மிக அதிக அணிகளுக்கு ஆடியவர் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறினார்.

உங்கள் விதியை அவர் மேல் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு மாலை நேரம் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அணிக்கு மூன்று ஆண்டுத் தடை என்றால் கொள்ளுப்பேரன் காலத்தில்தான் மனிதர் மறுபடி மைதானத்துக்கு வர முடியும்.

அவர் சும்மா ஊர் சுற்றியவரும் இல்லை. 1998இல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருனா அவரை வாங்கியது. வாங்கிய கையோடு பிரேசிலுக்கும் மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இரவலாக அனுப்பிக்கொண்டே இருந்தது. பட்டியல் நீண்டதற்கு அந்த இரவல் வாழ்க்கையும் ஒரு காரணம். 2006இல் மெக்சிகோவின் டொராடோஸ் அணியில் அவரோடு சேர்ந்து ஆடியவர் யார் தெரியுமா? இன்று உலகமே கொண்டாடும் பயிற்சியாளர் பெப் கார்டியோலா. அந்தப் பருவத்தில் அந்த அணி முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. அது வேறு கதை.

இத்தனை சட்டை மாற்றியவர் தன் நாட்டுச் சட்டையைப் போட்டபோது என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. உருகுவேயின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு, அவ்வளவுதான். அந்த நாட்டுக்காக 70 ஆட்டங்கள் ஆடி 26 கோல்கள் அடித்தார்.

2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பைக் காலிறுதி, எதிரணி கானா. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் கோலுக்குள் போக இருந்த பந்தை உருகுவேயின் சுவாரெஸ் கையால் தடுத்ததும், அதற்குக் கிடைத்த பெனால்டியை கானாவின் ஜியான் குறுக்குக் கம்பத்தில் அடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நாம் எல்லாரும் கழகக் கட்டடத்தில் ஒரே டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். அதன்பின் பெனால்டிச் சுற்று. உருகுவேயின் ஐந்தாவது உதை, மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த அப்ரூவுக்கு. முதுகில் 13 என்ற எண். ஊரே ஒதுக்குகிற எண்ணை விரும்பிப் போட்டுக்கொள்கிற ஆள். உள்ளே போனால் உருகுவே அரையிறுதியில்.

ஓடி வந்தார். பலமாக உதைக்கப் போகிறார் என்று கானாவின் கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்தார். அப்ரூ பந்தின் அடியில் கால் நுனியைச் செருகி, மெல்லத் தூக்கி நடுவில் விட்டார். மாவு ஆட்டி முடித்த கை வழித்துவிடுகிற மாதிரி அவ்வளவு நிதானமாகப் பந்து உள்ளே விழுந்தது. 1970க்குப் பிறகு முதல்முறையாக உருகுவே அரையிறுதிக்குப் போனது. இந்த உதைக்கு 'பனேன்கா' என்று பெயர். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனேன்கா மேற்கு ஜெர்மனிக்கு எதிராக அடித்துக் காட்டியது. அப்ரூ பிறந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஆசை, ஆனால் ஜோசியம் எனக்குத் தெரியாது.

அந்தக் காலில் எத்தனை ஊர் மண் ஒட்டியிருந்தது என்று யாரும் அன்று கேட்கவில்லை. அடுத்த ஆண்டு உருகுவே கோபா அமெரிக்கா கோப்பையை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். உருகுவேத் தலைநகர் மான்டிவிடியோவின் நசியோனால் அணி, போன பையனைத் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. கதவில் அறிவிப்பு எதுவும் ஒட்டவில்லை.

கதவு என்றதும் நம் ஊர்க் கதவுகள் நினைவுக்கு வருகின்றன. இந்தத் தெருவின் இரண்டு பக்கமும் நிற்கும் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் எப்படி வந்தன? வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களாலா வந்தன? ரங்கூன் மொகல் தெரு, சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று போனவர்கள் அனுப்பிய காசில் வந்தவை. செட்டிமார் வீட்டுப் பிள்ளை கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறுவான். அடுத்தாள் ஆவான். பிறகு கடையை நடத்தும் மேலாள். சம்பளச்சீட்டு என்கிற வேலை ஒப்பந்தம் எழுதினால் ஏறக்குறைய மூன்று வருடக் கணக்கு. முடித்துக்கொண்டு ஊர் வருவான், அடுத்த தடவை வேறொரு விலாசத்துக்கு, அதாவது வேறொரு முதலாளியின் கடைக்கு, போவதும் உண்டு. ஆனா மூனா ரூனா என்று முதலெழுத்துகளால் அழைத்த கடையில் இருந்தவன் இந்தத் தடவை வேறு எழுத்துக்காரர் கடையில் இருக்கிறான் என்று யாரும் அவனை ஊர்விலக்கம் செய்ததில்லை. வந்து இறங்கிய அன்று என்ன செய்வார்கள்? கைப்பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, வீட்டின் உள்முற்றமான வளவில் இலை போடுவார்கள்.

என் அப்பாவின் அப்பா செட்டியார் இல்லை. பினாங்கில் செட்டிமார் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியில் சமையல்காரராக இருந்தவர். ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டியும் கைமேசையுமாகப் பல விலாசத்து மேலாட்கள் உட்கார்ந்திருப்பார்களாம். எல்லாருக்கும் ஒரே அடுப்பில் குழம்பு. பிறகு தைப்பிங், அப்புறம் ஈப்போ. எந்த அடுப்புக்குப் போனாலும் அங்கே கற்ற ஒன்றை இங்கே கொண்டுவந்தார் என்று அப்பத்தா சொல்லும். எங்கள் வீட்டுக் கவுனி அரிசியில் தேங்காய்ப்பால் எப்படி வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அதுதான்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆறு வயதிலிருந்து காலில் பந்தைக் கொடுத்து வளர்த்தது நாம். காசுள்ள அணி வந்து கொத்திக்கொண்டு போனால் வயிறு எரியத்தான் செய்யும். பந்து, வலை, சுண்ணாம்பு என்று செலவு செய்தவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பொங்கல் போட்டிக்கு நம் அணியின் பெயரை இறுதி நாள் வரை நாம் கட்டவில்லை என்பதும், நாம் வரமாட்டோம் என்று எண்ணித்தான் அவன் அந்தப் பக்கம் வாக்குக் கொடுத்தான் என்பதும் பதிவேட்டில் இருக்கிறது. நம் கோல் வலையைக் காக்கப் போன வருடம் திண்டுக்கல்லிலிருந்து ஒருவரை வரவழைத்தோமே, அவருக்கு அவர் ஊரில் தடை போட்டிருந்தால் கோப்பை இன்று நம் அலமாரியில் இருக்குமா?

சம்பளச்சீட்டு முறையையே எடுத்துக்கொள்ளலாமே. வெளியே ஆடப் போகிற பையன் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். எந்தப் போட்டி, எத்தனை நாள் என்று தேதி இருக்கட்டும். நம் ஆட்டம் இருக்கிற நாளில் நமக்கே முன்னுரிமை. அழைக்கிற அணி கழகத்துக்கு ஒரு பந்து வாங்கித் தரட்டும். கணக்கு முடிந்ததும் அவன் வரட்டும். இதற்கு ஒரு தாள் போதும், மூன்று ஆண்டுகள் வேண்டாம்.

நேற்று மாலை ஊருணிக் கரைப் பக்கம் நடந்து போனேன். பொட்டலில் அவன் தனியாக இருந்தான். இரண்டு செங்கல்லை வைத்துக் கோல் கட்டியிருந்தான். பத்தடி ஓடி வந்து, பந்தின் அடியில் காலைச் செருகித் தூக்கிப் பார்த்தான். முதல் தடவை பந்து பின்னாலிருந்த வேலிக்கருவை முள்ளுக்குள் போய் விழுந்தது. கையைக் கீறிக்கொண்டு எடுத்து வந்தான். இரண்டாவதும் முள்ளுக்குள்தான். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப் பந்தைக் காலடியில் நிறுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த மடலைப் படித்து, அறிவிப்பைத் திரும்பப் பெறுவதை வாக்கெடுப்புக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன். நானும் வருகிறேன். வாக்கு எப்படிப் போனாலும் அன்றைய டீச்செலவு என்னுடையது.

கழகத்தின் பழைய இடதுபுற ஆட்டக்காரன்