‘நம்மவர்க்குப் பழக்கமில்லாத பயணம்’ என்ற வரி பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு வாரத்துக்கு முன்பு தங்கள் ஞாயிறு மலரில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆறு பேர் இலங்கையைச் சைக்கிளில் சுற்றி வந்ததைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. அந்த ஆறு பேர் மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. சைக்கிளில் தூரம் வருகிற எவரைக் கண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு வரி இருந்தது: ‘இப்படியான நெடும்பயணங்கள் நம்மவர்க்குப் பழக்கமில்லாதவை, வசதி வந்ததும் நாம் முதலில் கைவிடுவது சைக்கிளைத்தான்.’ அதை நாலு தரம் வாசித்தேன். இரண்டு இரவு நித்திரை சரியாக வரவில்லை.

நாற்பது வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் மாசி மாதம், நானும் மூன்று நண்பர்களும் இதே தீவைச் சைக்கிளில் சுற்றினோம். மூன்று பேர் வடமராட்சிக்காரர். நாலாமவர் கிழக்கிலுள்ள மருதமுனை ஊரவர், என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எங்களில் இளையவருக்கு 58 வயது. ஒருவர் முப்பது வருடம் சைக்கிளில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து ஓய்வுபெற்ற தபாற்காரர். அவருக்குப் பின்னால் போவதற்கே எங்களுக்கு மூச்சு வாங்கும். பருத்தித்துறை முனையில் காலை ஐந்தரைக்கு ஏறி, பரந்தன், முல்லைத்தீவு, புல்மோட்டை, திருகோணமலை என்று கிழக்குக் கரையால் இறங்கி, தெற்கைச் சுற்றி, கொழும்பு, புத்தளம், அநுராதபுரம், மன்னார் வழியாகப் பூநகரிக்கு வந்து, சங்குப்பிட்டிப் பாலத்தால் வீடு திரும்பினோம். 18 நாள். 1,400 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத இடைக்காலமாகப் பார்த்துத்தான் புறப்பட்டோம். காற்றுக்கு எதிரே உழக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று.

முழுத் தூரமும் சைக்கிளில்தான் என்று பொய் சொல்ல மாட்டேன். புத்தலையிலிருந்து கதிர்காமம் போகும் காட்டு வீதியில் யானைகள் வாகனங்களை மறித்து நிற்கும். அங்கே வாழைக்குலை ஏற்றிய லொறிக்காரர் ஒருவர், ‘சைக்கிளில் போகவே கூடாது’ என்று சொல்லி எங்களையும் சைக்கிள்களையும் தூக்கி ஏற்றிக்கொண்டார். அந்தத் துண்டு மட்டும் லொறிப் பயணம்.

பொத்துவிலில் நாங்கள் உள்நாட்டுக்குத் திரும்பினோம். கரையோரமாகப் போனால் குமணை, யால சரணாலயங்கள், சைக்கிளுக்கு வழியில்லை. ஆனால் அந்த வழியால் எங்கள் ஆட்கள் நடந்தே போகிறார்கள், ஆசிரியர் அவர்களே. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி கோயிலில் வேலாயுதத்தை எடுத்துக்கொண்டு புறப்படுகிற பாதயாத்திரைக்காரர் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு தாண்டி, உகந்தையில் முருகனைக் கும்பிட்டு, காட்டுக்குள்ளால் கதிர்காமம் போய்ச் சேர்வது தங்களுக்குத் தெரியாத சங்கதியா? ஒவ்வொரு வருடமும் தங்கள் பத்திரிகையே அந்தப் படத்தைப் போடுகிறது. என் அம்மம்மா இரண்டு தரம் போனவர், செருப்பில்லாமல். தீவில் பாதியை வெறும் காலால் நடந்த சனத்துக்கு நெடும்பயணம் பழக்கமில்லை என்று எந்த மனத்தோடு எழுதினீர்கள்?

சைக்கிளைக் கைவிட்டவர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1990க்குப் பிறகு போரில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணம் எதில் ஓடியது? மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்ற எல்லாமே சைக்கிள்தான். நெல் மூட்டை, விறகு, நோயாளி, பிரேதப்பெட்டி வரை. பற்றரிக்கும் தடை. எங்கள் வீட்டு முற்றத்தில் இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, என் கடைசித் தம்பி கையால் பெடலைச் சுற்றுவான். ஐயா றேடியோவில் காதை வைத்திருப்பார். தம்பி களைத்துச் சுற்றுவது குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் போகிற மாதிரி மெலியும். ‘கெதியாச் சுத்தடா, யாரெண்டு சொல்லப்போறான்’ என்பார் ஐயா. செத்தவர்களின் விபரம் வருகிற நேரம் அது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்துச் சனம் ஊரை விட்டு வெளியேறி வந்த நாட்களில் எங்கள் ஊர் ஒழுங்கையில் வந்த சைக்கிள்களை நான் பார்த்தேன். கரியரில் கிழவி, பாரில் பிள்ளை, ஹான்டிலில் அரிசிப் பை. ஓடிக்கொண்டு வரவில்லை, உருட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சைக்கிள்களில் பல இன்றைக்கும் ஓடுகின்றன. என்னுடையதும் அந்தக் காலத்தது. அதில்தான் தீவைச் சுற்றினேன். பிறேக்கும் செயினும் மட்டும் புதியவை.

2022 ஆடியில் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோது தங்கள் பத்திரிகையில் சைக்கிளைப் புகழ்ந்து ஆசிரியர் தலையங்கமே வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன். வரிசை கலைந்ததும் சைக்கிளும் மறந்துபோயிற்று.

தெற்கில் ஒரு கரையோர ஊரில் தங்குவிடுதிக்காரர் எங்கள் சைக்கிள்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அறை இல்லை என்றார். நாங்கள் வாசலில் நின்று தண்ணீர் குடித்து முடிக்க முன்பே, பளபளவென்ற சைக்கிளில் வந்த வெளிநாட்டுத் தம்பதிக்கு அறை கிடைத்தது. மருதமுனை நண்பர் சிங்களத்தில் கேட்கப் போனார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர்கள் சைக்கிளில் வந்தால் பயணி, நாங்கள் வந்தால் வசதியில்லாதவர். தங்கள் கட்டுரையின் வரியும் அதையேதான் சொல்கிறது. அதனால்தான் இவ்வளவு நொந்தேன். எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திக்வெல்லைப் பக்கம் என் பின் ரயர் காற்றுப் போனபோது, சைக்கிள் கடைக்காரர் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடினார். ஒட்டுப் போட்ட பிறகு, இவ்வளவு சுமையை ஒரே பக்கத்தில் கட்டலாமா என்று என்னை ஏசிவிட்டு, பையை அவிழ்த்துத் தானே சரியாகக் கட்டித் தந்தார். 150 ரூபாய் வாங்கினார். பயணம் முடியும் வரை அந்தக் கட்டு அவிழவில்லை.

இனி, உண்மையில் எழுத வந்த விடயம்.

சிலாபத்துக்கு வடக்கே, எதிரே வந்த லொறிக்கு விலகிய ஒரு பஸ் தபாற்கார நண்பரை வீதியை விட்டே தள்ளிவிட்டது. தொட்டுப் போனதா, காற்றுத்தான் அடித்ததா என்று அவருக்கே தெரியவில்லை. நம்முடைய பெரிய வீதிகளில் தாருக்கு மேல் தார் போட்டு, ஓரம் ஒரு சாண் பள்ளமாகிக் கிடக்கிறது. சில்லு அதில் இறங்கினால் ஏறாது. அவர் தலைகீழாக விழுந்தார். உள்ளங்கை கிழிந்தது, முன் றிம் எட்டுப் போல வளைந்தது. பஸ் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டியவர்கள் அன்பாகத்தான் பார்த்தார்கள். ஆனால் பதிவுப் புத்தகத்தில் ‘சைக்கிளிலிருந்து விழுந்தது’ என்று எழுதினார்கள். பஸ் பற்றி ஒரு சொல் இல்லை. நான் சொல்லிப் பார்த்தேன். ‘அதெல்லாம் பொலிசில் சொல்லுங்கோ’ என்றார்கள்.

அந்த நேரம் எனக்கு என் மைத்துனரின் நினைவு வந்தது. 2017 இல், சந்தைக்குப் போய்விட்டு வந்தவர், வீட்டுப் படலைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்கி, வீதியைக் கடக்கப் பார்த்துக்கொண்டு ஓரத்தில் நின்றார். வான் ஒன்று அவரை அடித்தது. மறுநாள் தங்கள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி: ‘வானுடன் சைக்கிள் மோதி முதியவர் பலி’. அவர் எதனுடனும் மோதவில்லை, ஐயா. நின்றவர். என் தங்கை அந்தத் துண்டை வாசித்துவிட்டு, ‘அண்ணா, இவர் போய் மோதினவரா?’ என்று என்னிடம் கேட்டாள். அப்போதே எழுதியிருக்க வேண்டும். செத்த வீட்டில் யார் கடிதம் எழுதுவது? எழுதாமல் விட்டது இன்றுவரை என் மனத்தில் கிடக்கிறது.

அதன் பிறகு நான் விபத்துச் செய்திகளைக் கவனித்து வாசித்து வருகிறேன். ‘சைக்கிள் விபத்தில் ஒருவர் பலி’ என்று வரும். உள்ளே போனால் மண் ஏற்றுகிற ரிப்பர் வாகனம் ஒன்று இருக்கும். சிலவேளை அதுவும் இருக்காது. ரியூஷனுக்குப் போகிற பொம்பிளைப் பிள்ளைகளும் விடியற்காலையில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்களும் ஓடுகிற வீதிகள் இவை. அவர்கள் விழுந்தால் யார் விழுத்தியது என்றாவது தெரிய வேண்டாமா?

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. விபத்துச் செய்தியில் எந்த வாகனம் யாரை அடித்தது என்று தெரிந்தால், அதைத் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், ‘சைக்கிளில் சென்றவர் உயிரிழந்தார்’ என்று மட்டும் எழுதுங்கள். அவர் போய் மோதினார் என்று எழுதாதீர்கள். தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அப்புறம், இடமிருந்தால், ஞாயிறு மலரில் அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தமும் போடுங்கள்.

படம் தேவையென்றால் அனுப்பித் தருகிறேன். தேவேந்திரமுனை வெளிச்சவீட்டுக்குக் கீழே, எங்கள் நாலு சைக்கிள்களும் மதிலில் சாத்தியிருக்கின்றன. நாங்கள் யாரும் அதில் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வடமராட்சி.