பாக்கெட்டின் பின்பக்கம்

மதுரை
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். கண் தெளிந்ததும் முதல் வேலையாக அடுப்படிக்குப் போய் நிற்பார்கள், விடாதே.

மில்லில் பெண்களுக்கு ஒரு வகுப்பு, ஆண்களுக்கு ஒரு வகுப்பு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், அதில் ஆணுறை பற்றி என்னத்தைச் சொல்ல என்று கேட்டிருந்தாய். நோய்ப் படங்களைக் காட்டிப் பயமுறுத்துவதில் அந்த அரை மணியைத் தொலைத்துவிடாதே. புண்ணைப் பெரிதாக்கிக் காட்டிய படம் வகுப்பு முடிவதற்குள் மறந்துபோகும், முகம் சுளித்தது மட்டும் மிஞ்சும். "அது கிழிஞ்சுரும், அதை நம்ப முடியாது" என்று யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார். அந்தப் பேச்சிலிருந்தே ஆரம்பி. ஏன் கிழிகிறது என்று விளக்கினாலே எப்படிப் பயன்படுத்துவது என்பதும் வந்துவிடும்.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது சரக்கு சாதாரணமாக நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு உறையையும் மின்சாரச் சோதனையில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்து 300 மில்லி தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள், வேறு சிலவற்றைக் காற்றடித்து வெடிக்க வைப்பார்கள். வழக்கமான அளவு உறை குறைந்தது 18 லிட்டர் காற்றாவது தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். வீட்டுக்குப் போடும் வாட்டர் கேன் 20 லிட்டர். ஏறக்குறைய அந்தக் கேன் அளவுக்கு ஊதும் ரப்பர் அது. "எனக்கெல்லாம் அது பத்தாது" என்று பின்வரிசையில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னால், இந்தக் கணக்கைச் சொல். சிரிப்பு திசை மாறும்.

சரி, பிறகு ஏன் கிழிகிறது? வெயில், எண்ணெய், அளவு, நுனியில் அடைபட்ட காற்று. பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வெயிலும் சூடும் லேடெக்ஸுக்கு, அதாவது ஆணுறை செய்யும் ரப்பருக்கு, எதிரி. பைக் பெட்டி, கார் டாஷ்போர்டு, பின்பாக்கெட்டில் நசுங்கும் பர்ஸ், இந்த மூன்று இடத்திலும் வைக்கக் கூடாது. பர்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து மடிப்பில் ரப்பர் தேய்ந்துபோகும். பீரோவில் துணிக்கு இடையில் வைத்தால் போதும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும். தயாரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 5 வருடம்தான் கொடுக்கலாம். பிரிப்பதற்கு முன் பாக்கெட்டை இரண்டு விரலால் அமுக்கிப் பார்க்கச் சொல். உள்ளே காற்று மெத்தென்று தட்டுப்பட வேண்டும். சப்பையாக இருந்தால் எங்கேயோ துளை, அதைத் தூரப் போட வேண்டியதுதான்.

அளவைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. கடையில் கேட்பவனுக்கும் வெட்கம், கொடுப்பவருக்கும் அவசரம், எதையோ ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் அகலம் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். கடைகளில் பெரும்பாலும் 52, 53. தேடினால் 49-ம், 56-ம் கிடைக்கும். விறைத்த நிலையில் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, அந்த நூலை ஸ்கேலில் வைத்து மில்லிமீட்டரில் அளந்து, 2.25-ஆல் வகுத்தால் தோராயமான அகலம் வந்துவிடும். சுற்றளவு 120 என்றால் 53. 110 என்றால் 49. இறுக்கமாக இருந்தால் கிழியும், தொளதொளவென்று இருந்தால் கழன்று உள்ளேயே தங்கிவிடும். கழன்றதையும் "கிழிஞ்சிருச்சு" என்றுதான் சொல்வார்கள். அதனால் யார் வந்து குறை சொன்னாலும் முதலில் கிழிந்ததா கழன்றதா என்று கேள். நுனியில் கிழிந்ததா பக்கவாட்டில் கிழிந்ததா என்றும் கேள். நுனி வெடித்திருந்தால் பெரும்பாலும் காற்று. பக்கவாட்டில் கிழிந்திருந்தால் எண்ணெயோ வறட்சியோ நகமோ.

இனி போடும் முறை. இதை மரத்தில் செய்த மாதிரியை வைத்தே காட்டு. கட்டைவிரலில் போட்டுக் காட்டினால் சிலர் அப்படியே எடுத்துக்கொள்வார்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உறையைப் பாக்கெட்டுக்குள் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்க ஓரத்தைக் கையால் கிழிக்க வேண்டும். பல்லாலோ கத்திரியாலோ கூடாது. எடுத்ததும் எந்தப் பக்கம் உருளும் என்று பார்க்க வேண்டும். ஓரத்து வளையம் வெளிப்புறம் இருந்து, தொப்பி மாதிரி நின்றால் சரியான பக்கம். முன்தோல் இருந்தால் அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். நுனியில் இருக்கும் சின்னக் குமிழை இரண்டு விரலால் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, கிள்ளிய விரலை எடுக்காமலேயே மறுகையால் அடிவரைக்கும் உருட்டி இறக்க வேண்டும். கிள்ளுவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். விந்து தங்க அங்கே இடம் வேண்டும். காற்று நின்றால் அழுத்தம் தாங்காமல் நுனி வெடிக்கும்.

தலைகீழாக வைத்துவிட்டு உருளவில்லை என்று தெரிந்தால், திருப்பிப் போடக் கூடாது. முதலில் கசியும் திரவத்திலேயே கிருமியும் இருக்கலாம், சில சமயம் உயிரணுவும் இருக்கலாம். அது வெளிப்பக்கம் ஒட்டியாகிவிட்டது. அதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். "பாதியில போட்டுக்கலாம்" என்பதும் இதே காரணத்தால் தப்பு. உறுப்புகள் தொடுவதற்கு முன்பே போட்டாக வேண்டும். முடிந்ததும் விறைப்பு இருக்கும்போதே அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடலாம். கக்கூஸில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், பிறகு ஆள் வரவழைத்து அவர் முன்னால் நிற்பது தனிச் சங்கடம்.

எண்ணெய்க்கு ஒரு சோதனை இருக்கிறது, கண்டிப்பாகச் செய்து காட்டு. இரண்டு உறைகளை ஊதிக் கட்டிக்கொள். ஒன்றில் தண்ணீர் சார்ந்த ஜெல், இன்னொன்றில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய். பேசிக்கொண்டே இரு. சில நிமிடத்தில் எண்ணெய் தடவியது பட்டென்று வெடிக்கும். பேபி ஆயிலில் இருக்கும் தாது எண்ணெய் பட்டு ஒரே நிமிடத்தில் லேடெக்ஸின் பலம் பத்தில் ஒன்றாகக் குறைந்ததாக ஓர் ஆய்வே உண்டு. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், நெய், வாசலின், பேபி ஆயில், உடம்புக்குத் தடவும் லோஷன், எதுவும் ஆகாது. பெண்கள் வகுப்பில் இன்னொன்றும் சொல். வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கக் கொடுக்கும் சில மாத்திரைகளிலும் க்ரீம்களிலும் எண்ணெய் அடிப்படை இருக்கும். அந்தச் சிகிச்சை நடக்கும் நாட்களில் ஆணுறை பலமிழக்கலாம். எழுதிக் கொடுக்கும் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டுக்கொள்ளச் சொல். தண்ணீர் சார்ந்த ஜெல்லும் சிலிகான் ஜெல்லும் பயமில்லாதவை. ஜெல் என்றால் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். மாதவிடாய் நிற்கிற வயசிலும் தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் வறட்சி இயல்பு. ஆசனவாய் வழி உறவென்றால் அங்கே இயற்கையான ஈரமே கிடையாது, ஜெல் கட்டாயம்.

வாசனை, புள்ளி, கோடு, இதெல்லாம் அவரவர் விருப்பம், அதில் நேரம் போக்காதே. நேரம் நீட்டிக்கும் என்று விற்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதன் உட்புறம் மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் இருக்கும். தலைகீழாக வைத்தால் பெண்ணுக்கு மரத்துப்போகும். சிலருக்கு எரிச்சலும் வரும். நானாக்சினால்-9 என்ற விந்துக்கொல்லி பூசியது கண்ணில் பட்டால் வேண்டாம். உள்தோலை உறுத்தி, அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு எச்.ஐ.வி. அபாயத்தைக் கூட்டுகிறது. ரப்பர் அலர்ஜி உள்ளவர்களுக்கு பாலியூரித்தேன், பாலிஐசோப்ரீன் உறைகள் உண்டு. இரண்டாவதற்கும் எண்ணெய் ஆகாது. பாதுகாப்புக்கு இரண்டைச் சேர்த்துப் போடுவது உதவாது, ஒன்றோடொன்று உரசும்.

நீ சந்திக்கப்போகும் பெரிய தடை வேறு. நம் ஊரில் இரண்டாவது பிள்ளையோடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களே அதிகம். "அதான் ஆபரேஷன் ஆச்சே, இது எதுக்கு?" என்பார்கள். ஆபரேஷன் கருமுட்டைப் பாதையைத்தான் கட்டுகிறது, கிருமிக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது என்று சொல். வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போய் வருபவராக இருந்தால், கேட்பதே சந்தேகப்படுவதுபோல ஆகிவிடுமே என்ற பயம் அவர்களுக்கு. அதற்கு என்னிடம் மந்திரம் கிடையாது. "எனக்கு வெள்ளைப்படுது, கொஞ்ச நாளைக்கு உறை போட்டுக்கோங்கன்னு நர்ஸ் சொன்னாங்க" என்று உன் பெயரைச் சொல்லிக்கொள்ள அனுமதி கொடு. அப்படிச் சொன்னால் வீட்டில் சண்டை வராது.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால் நேர்மையாகச் சொல். எப்போதும் சரியாகப் பயன்படுத்தினால் ஒரு வருடத்தில் 100 பெண்களில் 2 பேர் கருவுறலாம். நடைமுறையில், மறதியும் அவசரமும் சேர்ந்து, 13. எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினை நோய்களுக்கு நல்ல தடுப்பு. ஹெர்பிஸ், மரு வைரஸ் (எச்.பி.வி.), சிஃபிலிஸ் புண் போன்றவை உறை மூடாத தோலிலிருந்தும் பரவும் என்பதால் அவற்றில் பாதுகாப்பு குறைவுதான். மரு வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, பெண் பிள்ளைகள் உள்ளவர்களிடம் மறக்காமல் சொல்.

கிழிந்தேவிட்டால் உள்ளே சோப்போ டெட்டாலோ ஊற்றிக் கழுவக் கூடாது. மேல்புறத்தைத் தண்ணீரில் கழுவினால் போதும். கர்ப்ப பயம் என்றால் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மருந்து 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று. நம் மாநிலத்தில் பல மருந்துக்கடைகள் அதை வைப்பதே இல்லை, அதனால் எங்கே கிடைக்கிறது என்று நீ முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள். 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் கரு தங்காது. எச்.ஐ.வி. பயம் என்றால் அதே 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போக வேண்டும். ராத்திரி என்றால் அவசரப் பிரிவுக்கே போகலாம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொற்றாமல் தடுக்கும் மருந்து 28 நாள், இடையில் நிறுத்தக் கூடாது. 1097 எச்.ஐ.வி. உதவிக்கான கட்டணமில்லாத எண், அதைப் பலகையில் பெரிதாக எழுதிப்போடு.

பெண்ணுறை இரண்டை இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் சரக்கு, எண்ணெய் பட்டாலும் கெடாது. உள்வளையத்தை எட்டு மாதிரி அமுக்கி, விரலால் கடைசிவரை தள்ள வேண்டும். வெளிவளையம் வெளியேதான் நிற்கும். உறுப்பு உறையின் பக்கவாட்டில் நுழைந்துவிடாமல் கையால் வழிகாட்ட வேண்டும், தவறு நடப்பது அங்கேதான். இதோடு ஆணுறையைச் சேர்க்கக் கூடாது. முதல் தடவை பார்த்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், பையைப் போலப் பெரிதாக இருக்கும். பாக்கெட்டைக் கையில் கொடுத்து ஒருத்தர் மாற்றி ஒருத்தர் தொட்டுப் பார்க்க விடு. மர மாதிரியையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பு, அடுத்த மாதம் இங்கே தேவைப்படும். பார்சலை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் மில் முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன், உன் அம்மா ஆசையாகப் பிரித்துவிடப் போகிறார்களே என்று.

அன்புடன்,
சாந்தி