வால்நட்சத்திரம் பார்த்த ஆண்டு: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், பெற்றோருடன் வந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம். நம் வானியல் மன்றத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மழைக்காலம் நீங்கலாக மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. சந்தா பாக்கியிலும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆண்டின் தொடக்கமே ஆரவாரமாக இருந்தது. மே 10, 11 தேதிகளில் பெரும் சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹான்லே ஆய்வகத்தில் வானம் சிவந்தது படமாகப் பதிவானது. இங்கும் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி மண்டபம் கடற்கரையில் விழித்திருந்தவர்களுக்குக் கொசுக்கடிதான் மிச்சம். ஆனால் அந்த வாரக் கூட்டத்தில் நல்ல கேள்வி ஒன்று வந்தது: இந்தப் புயலால் படகில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் தடுமாறுமா? மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கிடந்தன, நாட்டுப்படகுக்காரர்கள்தான் கேட்டார்கள். தடுமாறும். செயற்கைக்கோளின் சமிக்ஞை, மின்னூட்டம் பெற்ற மேல்வளிமண்டலமான அயனி மண்டலத்தைக் கடந்தே வருகிறது. அந்தப் புயலின்போது அமெரிக்காவில் ஜிபிஎஸ் வழிகாட்டலில் விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்களே வரிசை தவறின. நாமோ பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக ஓடும் கோடான காந்த நடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். புயல் எதுவும் இல்லாத நாளிலும் இப்பகுதியின் அயனி மண்டலம் பொழுது சாய்ந்தபின் கலங்குவது உண்டு.

அக்டோபரில் சூசின்ஷான்–அட்லஸ் வால்நட்சத்திரம் வந்தது. செப்டம்பர் 27இல் சூரியனைச் சுற்றிவிட்டு, அக்டோபர் 12இல் பூமிக்கு மிக அருகே வந்து, அதன்பின் மாலையில் மேற்கு வானில் தெரிந்தது. பாம்பன் குந்துகாலில் தொலைநோக்கியை நிறுத்தினோம். மேகம் விட்ட நாட்களில் நன்றாகவே கண்டோம். சூரியன் இருக்கும் பக்கமாகவும் மெல்லிய கீற்று ஒன்று நீண்டதைப் படம் எடுத்த மாணவர்கள் குழம்பிப்போனார்கள். அது அதன் பாதையில் சிதறிய தூசு. அந்தப் பாதை அமைந்த தளத்தைப் பூமி கடக்கும்போது பக்கவாட்டில் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது.

இந்தக் குழப்பம் தீரவேண்டும் என்றுதான், வால்நட்சத்திரங்களையும் கோள்களையும் சூழ்ந்திருக்கும் பிளாஸ்மாவையே, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவையே, ஆய்வுப் பொருளாகக் கொண்ட விண்வெளி இயற்பியலாளர் ஒருவரை இணையவழியில் பேச அழைத்தோம். என் கணிப்பில் இந்த ஆண்டு மன்றம் செய்தவற்றுள் இதுவே உருப்படியான வேலை.

அவர் முதலில் இரண்டு வால்களையும் பிரித்துக் காட்டினார். தூசு வாலைச் சூரிய ஒளியின் அழுத்தம் தள்ளுகிறது. அது வளைந்து கிடக்கும். மற்றது மின்னூட்டம் பெற்ற துகள்களான அயனிகளால் ஆன அயனி வால்: நீல நிறம், நேர்கோடு, எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம். "அப்படியென்றால் திரும்பிப் போகும்போது வால் முன்னே போகுமா, ஐயா?" என்று கேட்டார் நாட்டுப்படகு வைத்திருக்கும் நம் உறுப்பினர். ஆம், முன்னேதான் போகும். ஆனால் அந்த வால் மிகச் சரியாக எதிர்ப்புறம் நிற்பதில்லை, சில பாகை சாய்ந்தே இருக்கிறது என்பதை 1943இல் கூனோ ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர் கவனித்தார். ஏன் சாய்கிறது? உரையாளர் விளக்கத் தொடங்குமுன் நம் மீனவரே சொல்லிவிட்டார்: ஓடும் படகில் கட்டிய கொடி காற்றடிக்கும் திசையை அப்படியே காட்டாது, படகின் ஓட்டமும் சேர்ந்து பின்னுக்குச் சாய்க்கும்; படகின் வேகம் தெரிந்தால் சாய்வை வைத்துக் காற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம். உரையாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கணக்கைப் போட்டுக் காட்டினார். சூரியனிலிருந்து வீசும் துகள் காற்றின் குறுக்கே நொடிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வால்நட்சத்திரத்தின் வால் ஆறு பாகை சாய்ந்தால் காற்றின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் இடைவிடாமல் வெளியே பாய்கின்றன என்று லுட்விக் பீர்மன் 1951இல் முடிவுகட்டியது இந்த வால்களைப் பார்த்துத்தான். எந்த விண்கலமும் அதுவரை புறப்பட்டிருக்கவில்லை.

1958இல் யூஜின் பார்க்கர் அதற்குக் கோட்பாடு எழுதிச் சூரியக் காற்று என்று பெயரிட்டார். மதிப்பீட்டாளர்கள் இருவரும் கட்டுரையை நிராகரித்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர்தான் அப்போது அந்த ஆய்விதழின் ஆசிரியர். அவருக்கும் கருத்து பிடிக்கவில்லை; ஆனால் கணிதத்தில் பிழை இல்லையே என்று அச்சிட்டார். 1962இல் வெள்ளிக் கோளை நோக்கிப் போன மாரினர் 2 விண்கலம் அந்தக் காற்றை வழியெங்கும் அளந்தது. பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் சென்ற டிசம்பர் 24இல் சூரியனின் பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் அருகில் போய்வந்தது.

உரையின் பிற்பகுதி ஐரோப்பாவின் ரொசெட்டா விண்கலம் பற்றியது. 2004 மார்ச்சில் ஏவப்பட்டு, 2014 ஆகஸ்ட் 6இல் 67பி சூரியுமோவ்–கெராசிமென்கோ என்ற வால்நட்சத்திரத்தை அடைந்து, 2016 செப்டம்பர் 30 வரை அதனுடனேயே பயணம் செய்த கலம் அது. அதற்கு முன் போனவை எல்லாம் விரைந்து கடந்தவை. 1986இல் ஹாலி வால்நட்சத்திரத்தை 600 கிலோமீட்டர் தொலைவில் கடந்த ஜியோட்டோவும் அப்படியே. உடனிருந்து பார்த்ததால் ரொசெட்டா ஒரு பிளாஸ்மாச் சூழல் வளர்ந்து தேய்வதையே கண்டது. வால்நட்சத்திரம் சூரியனுக்குத் தொலைவில் இருந்தபோது சூரியக் காற்று நேராக அதன் திடமான நடுப்பகுதியான கருவையே தொட்டது. வெப்பம் ஏறி வாயு பெருகியதும், அதிலிருந்து பிறந்த கனமான அயனிகளைச் சுமந்து காற்று தளர்ந்தது, திசை மாறியது. பிறகு பல மாதங்கள் கலத்தின் கருவிகளுக்குச் சூரியக் காற்றின் அயனிகளே அகப்படவில்லை. 2015 ஜூலையில், காந்தப்புலம் அறவே இல்லாத ஒரு குழிவுக்குள் கலம் புகுந்தது. 67பிக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது. வெளியிலிருந்து வரும் புலத்தை அதன் வாயுவும் அயனிகளும் தடுத்து வெளியே நிறுத்திவிடுகின்றன.

"பாடும் வால்நட்சத்திரம்" என்ற ஒலிப்பதிவைப் பிள்ளைகளுக்குப் போட்டோம். இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அது ஒலியே அல்ல. காந்தப்புலம் நொடிக்கு 0.04 முறை என்ற அளவில் அலைவதைப் பல்லாயிரம் மடங்கு விரைவுபடுத்திக் காதுக்கு எட்டச் செய்தது. அடுத்த முறை இதைச் சொல்லிவிட்டுப் போடவேண்டும்.

செவ்வாய்க்கும் கோள் முழுதும் தழுவிய காந்தப்புலம் இன்று இல்லை. அதன் காற்று விண்வெளிக்குக் கசிவதை நாசாவின் மேவன் கலம் 2014 முதல் பல ஆண்டுகள் அளந்தது. நேரம் போதாமல் உரையாளர் இதை விரைவாக முடித்துக்கொண்டார்.

நம்மவர் பங்கும் பேசப்பட்டது. தும்பாவில் 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டபோது அங்கே பணியாற்றிய இராமேசுவரத்து அப்துல் கலாமை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தும்பாவைத் தேர்ந்தது காந்த நடுக்கோடு அங்கே செல்வதால்தான் என்பது பலருக்கும் புதிய செய்தி. சூரியக் காற்றை அளக்கும் இந்தியாவின் ஆதித்யா எல்1 கலம் ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்.

இனி குறைகள். உப்புக் காற்றாலும் ஈரத்தாலும் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில் பூஞ்சை படர்ந்துவிட்டது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் மூடிவைக்க ஒரு பெட்டி தேவை. பார்வையிடும் இடத்திற்கு எதிரே புதிதாக வந்த மின்விளக்குக்கு மறைப்பு கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

வரும் ஆண்டுக்கு எனது முன்மொழிவு: தனுஷ்கோடிச் சுற்றுலாவுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை இத்தகைய உரைகளுக்குத் தரவேண்டும். சுற்றுலாவை விரும்புவோர் எதிர்ப்பார்கள் என்று தெரியும், விவாதித்து முடிவெடுங்கள். எந்த வால்நட்சத்திரத்துக்குப் போகிறோம் என்று தெரியாமலே ஏவப்பட்டு விண்ணில் காத்திருக்கப்போகும் ஐரோப்பாவின் காமெட் இன்டர்செப்டர் பற்றி மீண்டும் பேச உரையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தக் கூட்டத்தைத் தடைக்காலத்தில் வைத்தால் மீனவ உறுப்பினர்கள் அனைவரும் வர வசதியாக இருக்கும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்