சராய்கள் கொட்டில்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இடைக்கால வணிகப் பாதைகளைப் பற்றி வந்த கட்டுரை, வணிகர்கள் சரக்கோடும் விலங்குகளோடும் இரவு தங்கிய விடுதிகளான வழியோரச் சராய்களை ‘மனிதரும் விலங்கும் அடைந்து கிடந்த, சன்னலற்ற கொட்டில்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போயிருப்பது என்னை மிகவும் வருத்தியது.

துருக்கியில் அக்சராய் அருகே 1229இல் செல்ஜூக் சுல்தான் அலாவுதீன் கைகுபாத் கட்டுவித்த சுல்தான் ஹான் என்னும் சராய் தாங்கள் அறியாததல்ல. வெளிச்சுவரை உயரமாக எழுப்பி, சிற்ப வேலைப்பாடு மிகுந்த ஒரே பெருவாசலை அதற்கு வைத்தது, இரவில் அதை அடைத்துவிட்டால் சரக்கு முழுவதும் காவலுக்குள் வந்துவிடும் என்பதால்தான். காற்றும் வெளிச்சமும் உள்ளே இருந்த திறந்த முற்றத்தின் வழியே வந்தன. பனிக்காலத்துக்கெனப் பின்புறம் கூரையிட்ட பெருமண்டபம் இருந்தது. முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகளின்மேல் தொழுகைக்கூடத்தை உயர்த்திக் கட்டியதால், கீழே ஒட்டகங்கள் நடமாடினாலும் தொழும் இடம் தூய்மையாக இருந்தது. பாரசீகச் சராய்கள் பலவற்றிலோ அறைகளுக்குப் பின்னால் லாயங்களைத் தனியே அமைத்தார்கள். இவற்றையா கொட்டில் என்பது?

இதை ஏட்டில் படித்ததை வைத்து மட்டும் சொல்லவில்லை. என் பாட்டனார் கொடைக்கானல் மலையிலுள்ள வெள்ளகவியிலிருந்து பெரியகுளத்துக்குப் பொதிக்குதிரை ஓட்டியவர். சிறுவனாக அவருடன் மலையிறங்கிய ஒரு மழை இரவில், மூன்று பக்கமும் திறந்து கிடந்த சாவடி ஒன்றில் ஒதுங்கினோம்; நான் உறங்கிவிட்டேன், அவரோ காப்பிக்கொட்டை மூட்டைகளுக்கும் குதிரைகளுக்கும் நடுவே விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். ஒரே வாசலின் அருமை எனக்கு அன்று தெரியவில்லை. சுல்தான் ஹானின் தரைப்படத்தைக் கண்ட நாளில்தான் தெரிந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன்பும், ராணி மங்கம்மாள் சத்திரங்களைப் பற்றிய கட்டுரைக்குத் திருமலை நாயக்கர் மகாலின் படத்தைப் போட்டிருந்தீர்கள். நான் எழுதியனுப்பிய திருத்தத்துக்கு ஒரு வரிப் பதிலும் வரவில்லை. கொடைக்கானல் என்றால் ஏரியும் குறிஞ்சியும்தான் தங்கள் இதழுக்கு நினைவு வருகின்றன. பொதி சுமந்த பாதைகளும் அவற்றில் இளைப்பாறிய இடங்களும் ஒருமுறையேனும் இடம்பெற்றதில்லை. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவனுக்கு இது சிறிய குறையல்ல.

அடுத்த இதழில் கால் பக்கம் ஒதுக்கி, சுல்தான் ஹானின் தரைப்படத்தை, வாசல், முற்றம், மண்டபம் என்று தமிழில் பெயர் குறித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நானே வரைந்த படி ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கொடைக்கானல்.