பிரேயஸ் முடிந்து மொம்பாசா: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுக வேலை முடிந்து கென்யாவின் மொம்பாசாவுக்கு மாற்றல் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாய். மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம்.

கிரேக்கம் படித்த முறையிலேயே மொம்பாசாவில் பேசும் சுவாஹிலியையும் படித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அப்படிப் படித்தால் சிரமப்படுவாய். கிரேக்கம் முக்கியமான செய்தியைச் சொல்லின் கடைசியில் வைக்கிறது, சுவாஹிலி தொடக்கத்தில் வைக்கிறது. நம் தமிழும் கடைசியில் வைக்கும் மொழிதான். அதனால் உன் காது இரண்டு மடங்கு பின்பக்கமே பழகியிருக்கிறது. முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். (கீழே வல்லெழுத்தை இரட்டித்திருந்தால் அழுத்தமான ஒலி, இடையில் ஒற்றையாக இருந்தால் மெல்லிய ஒலி என்று படித்துக்கொள்.)

‘பெரிய புத்தகம் தொலைந்துவிட்டது’ என்பதை எடுத்துக்கொள். கிரேக்கத்தில் ‘டோ மெகாலோ விவ்லீயோ ஹாத்திக்கே’. பன்மையில் ‘டா மெகாலா விவ்லீயா ஹாத்திக்கன்’. சொற்களின் கடைசிதான் மாறுகிறது. சுவாஹிலியில் ‘கிட்டாபு கிக்குபுவா கிமெப்பொட்டேயா’. பன்மையில் ‘விட்டாபு விக்குபுவா விமெப்பொட்டேயா’. பெயர், அடை, வினை மூன்றின் தலையிலும் ‘கி’ போய் ‘வி’ வந்துவிட்டது. கிரேக்கத்தில் பெயருக்கு மூன்று பால். சுவாஹிலியில் பால் கிடையாது, வகுப்புகள் உண்டு, அதாவது பெயர்களை முன்னொட்டை வைத்துப் பிரிக்கும் குழுக்கள். ஒருமையையும் பன்மையையும் தனித்தனியே எண்ணினால் பத்துக்கு மேல் வரும். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதே. கிரேக்கத்தில் ஒவ்வொரு பாலுக்கும் வேற்றுமை உருபுகளையும் சேர்த்துப் படித்தாயே, சுவாஹிலியில் அந்த வேற்றுமை மாற்றம் பெயருக்கு இல்லை.

ஒரு இடத்தில் இரண்டும் நேர் எதிராகப் போகும். கிரேக்கத்தில் ‘கொரீட்சி’, அதாவது சிறுமி, அலிப்பால் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாவது பால்) சொல். உயிருள்ள பெண்ணாக இருந்தும் அடையும் சுட்டும் அலிப்பாலிலேயே வரும். வடிவம்தான் அங்கே சட்டம். சுவாஹிலியில் ‘கிபோக்கோ’ என்றால் நீர்யானை. வடிவம் ‘கி’ வகுப்புதான், ஆனால் உயிருள்ளது என்பதால் ‘கிபோக்கோ ம்குபுவா அமெப்பொட்டேயா’ என்று மனிதருக்குரிய முன்னொட்டுகளையே வாங்கும். கிரேக்கம் தெரிந்தவர்கள் இங்கே ‘கிக்குபுவா’ என்று சொல்லிவிடுவார்கள். வடிவத்தைப் பின்பற்றிப் பழகிய பழக்கம் அது.

எண்களிலும் கவனம் தேவை. கிரேக்கத்தில் தொடக்க எண்களில் 1, 3, 4 மட்டும் பாலுக்கேற்ப மாறும். சுவாஹிலியில் 1 முதல் 5 வரையிலான எண்களும் 8-ம், பெயரின் வகுப்புக்கேற்ப மாறும்; 6, 7, 9, 10 மாறாது. 6, 7, 9 மூன்றும் அரபியிலிருந்து வந்தவை. ‘விட்டாபு விட்டாட்டு’ என்றால் மூன்று புத்தகம், ‘விட்டாபு ஸிட்டா’ என்றால் ஆறு.

வினைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘அதைப் படிப்பேன்’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘தா டோ தியவாஸோ’. சுவாஹிலியில் ‘நி-டா-கி-ஸோமா’. பிரித்துப் பார். எதிர்காலம், ‘அதை’, வினையடி என்ற வரிசை இரண்டிலும் ஒன்றே! ‘நான்’ மட்டும் இடம் மாறியிருக்கிறது: கிரேக்கத்தில் கடைசி ‘ஓ’, சுவாஹிலியில் முதல் ‘நி’. உறவே இல்லாத இரண்டு மொழிகள் இப்படி ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்க எவ்வளவு அழகு. ஒரு எச்சரிக்கை: அந்த ‘கி’ புத்தகத்துக்கு உரியது. செய்தித்தாளுக்கு ‘லி’ வரும். கடந்தகாலத்துக்கும் ‘லி’ என்பதால் ‘அதைப் படித்தேன்’ என்பது ‘நி-லி-லி-ஸோமா’. எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் எந்த ‘லி’ என்று தெரியும்.

எதிர்மறையில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுவார்கள். கிரேக்கத்தில் ‘தென்’ என்று ஒரு சொல்லை முன்னால் போட்டால் முடிந்தது, காலம் எதுவானாலும் வினை அப்படியே நிற்கும். சுவாஹிலியில் காலக்குறியே மாறும். ‘நினஸோமா’ (படிக்கிறேன்) என்பதற்கு ‘ஸிஸோமி’. காலக்குறி மறைந்து கடைசி ‘ஆ’, ‘இ’ ஆகிறது. ‘நிலிஸோமா’ (படித்தேன்) என்பதற்கு ‘ஸிக்குஸோமா’. ‘நிமெஸோமா’ (படித்துவிட்டேன்) என்பதற்கு ‘ஸிஜஸோமா’, அதாவது இன்னும் படிக்கவில்லை. எதிர்காலம் மட்டும் சாது: ‘நிட்டஸோமா’, ‘ஸிட்டஸோமா’. ‘ஜிபு’ (பதில் சொல்) போன்ற அரபி வினைகளுக்குக் கடைசி உயிர் மாறாது, ‘ஸிஜிபு’தான். ‘உன்னைப் பார்க்கவில்லை’ என்பது ‘ஸி-கு-கு-ஓனா’: முதல் ‘கு’ கடந்தகால எதிர்மறை, இரண்டாவது ‘உன்னை’. ஒன்றை விழுங்கிவிட்டால் ‘பார்க்கவில்லை’ என்று மட்டும் நிற்கும், யாரை என்பது போய்விடும்.

‘எனக்கு எழுது’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘க்ராப்ஸெ மூ’, ‘எனக்கு’ தனியாகப் பின்னால் வரும். தமிழில் ‘எனக்கு’ என்பதன் ‘கு’ உருபு செய்யும் வேலையைச் சுவாஹிலியில் வினையே செய்யும். ‘அண்டிக்கா’ (எழுது) என்பது ‘அண்டிக்கியா’ ஆகி, ‘நியண்டிக்கியே’ என்று வரும். வினையடியின் பின்னால் ஒட்டுவது இந்த மொழியில் இதுபோன்ற இடங்களில்தான். தமிழனுக்கு உடனே பிடிபடும்.

அழுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவாஹிலியில் ஏறக்குறைய எப்போதும் கடைசிக்கு முந்தைய அசை. ‘போட்டெ’ (எப்போது), ‘பொட்டே’ (ஒருபோதும்) என்று பிரேயஸில் பட்ட பாடு இங்கே கிடையாது.

குறிப்பேடு போடும் முறையை மட்டும் மாற்றிக்கொள். கிரேக்கத்துக்கு வினையை நிகழ்காலமும் இறந்தகாலமுமாகச் சேர்த்து எழுதினாய். ‘வ்லேப்போ’வுக்கு (பார்க்கிறேன்) ‘ஈதா’ (பார்த்தேன்) என்று வருவதை வேறு எப்படி நினைவில் வைப்பது? சுவாஹிலி வினைக்கு அது வேண்டாம். பெயரைத்தான் ஒருமை, பன்மை இரண்டும் சேர்த்து எழுத வேண்டும்: ‘ஜினோ, மெனோ’ (பல், பற்கள்), ‘உக்குட்டா, குட்டா’ (சுவர், சுவர்கள்). இல்லையென்றால் ‘மெனோ’வை அகராதியில் ‘ம’ வரிசையில் தேடிக்கொண்டே இருப்பாய்.

பாடப்புத்தகத்தில் இருப்பது சான்சிபார் தீவின் வழக்கை அடிப்படையாகக் கொண்டு 1930-க்குப் பிறகு தரப்படுத்திய மொழி. மொம்பாசாக்காரர்களின் வழக்கு ‘கிம்விட்டா’. பல்லில் நாக்கு படும் ஒலியையும் அதற்கு மேலே படும் ஒலியையும் அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். த, ட பேசி வளர்ந்த நமக்கு இது கேட்கும், உன் ஐரோப்பிய சகாக்களுக்குக் கேட்பது கடினம்.

வேலைக்குச் சேரும் முன் ஒன்று. மணி எண்ணுவது அங்கே விடியலிலிருந்து. ‘ஸா ம்பிலி அஸுபுஹி’ என்றால் சொல்லுக்குச் சொல் காலை இரண்டாம் மணி, நம் கணக்கில் காலை 8. அதே ஆள் ஆங்கிலத்தில் பேசினால் எட்டு என்றே சொல்வார். ஆறு மணி நேரம் கூட்டவோ குறைக்கவோ செய். கிழமைகளும் சனிக்கிழமையிலிருந்து தொடங்கும். ‘ஜுமட்டானோ’ ஐந்தாம் நாள், அது புதன். கிரேக்கத்தின் ஐந்தாம் நாளான ‘பெம்ப்டி’ வியாழன் அல்லவா? பழைய நினைவில் ஷிப்ட் அட்டவணையைக் குறித்தால் ஒரு நாள் தள்ளிப் போய் நிற்பாய்.

போய்ச் சேர்ந்ததும் முகவரி அனுப்பு. வகுப்பு முன்னொட்டுகளை ஒரே தாளில் அடங்கும்படி பட்டியல் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்