மண்ணு மிதிச்சவ எழுதுறேன்

தாயி,

அம்மா எழுதுறேன். சாப்டியா. நேத்து போன்ல அழுதுக்கிட்டே "எனக்கு கை வரலம்மா, நான் இந்த வேலைக்கே லாயக்கு இல்ல"னு சொல்லி வச்சுட்டே, அதுலருந்து எனக்கு ஒரு வா சோறு எறங்கல. வாய்ஸ் மெசேஜ் போடலாம்னு பாத்தேன், உங்கப்பா திண்ணைல படுத்திருக்காக, சத்தம் கேட்டா எந்திரிச்சு "இந்நேரத்துல என்ன பேச்சு"ம்பாக, அதான் டைப் பண்றேன். ஒத்த வெரலால அடிக்கிறது, தப்பு இருந்தா கண்டுக்காத.

ரெண்டு விஷயம் மனசுல கெடக்கு. ஒண்ணு உன் பொம்ம சூளைல வெடிச்சது. இன்னொண்ணு போன மாசம் நீ பொம்ம செய்ய வந்த கதைய எழுதி அனுப்புன அந்த நாலு பக்க காயிதம். உனக்கு ரெண்டும் வேற வேற, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

காயிதம் இங்கிலீசுல இருந்துச்சா, மேலத்தெரு டீச்சரக் கூப்புட்டு படிச்சு சொல்லச் சொன்னேன். கும்பகோணம் ஓவியக் காலேஜ்ல சேந்தது, பாண்டிச்சேரில ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல ஆரம்பிச்ச கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிங்குற மண்பாண்டப் பட்டறையப் போய்ப் பாத்துட்டு ஊருக்கு வந்து ரெண்டு நாளு பேசாம உக்காந்திருந்தது, அப்பறம் பரோடா, எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தே. கடைசிப் பக்கத்துல இன்ஃப்ளூயன்ஸுனு போட்டு, யாரு யாரு உன் வேலைக்குத் தூண்டுதல்னு ஒரு லிஸ்ட்டு. மொதல்ல உங்க தாத்தா, நம்ம அய்யா, அய்யனார் கோயிலுக்கு அரண்மனைப் புரவினு மண்ணுக் குதிர செய்ற வேளார் வம்சம்னு. அப்பறம் அப்பா. அப்பறம் மண்ணுல சிலை செய்றவுக ரெண்டு பேரு, அமெரிக்காவுல வயோலா ஃப்ரே, குஜராத்துல ஹிம்மத் ஷா. அவ்வளவுதான். டீச்சரு படிச்சு முடிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தாக, நான் காபி போடுறேன்னு உள்ள போயிட்டேன்.

கோவம்லாம் இல்ல. சரி, இருந்துச்சு, ஒரு ரெண்டு நாளைக்கு. எனக்காகக்கூட இல்ல, அப்பத்தாவுக்காக. நீ செஞ்ச பொம்ம யாரு? அப்பத்தா. உக்காந்த வாக்குலயே நாலடி, காதுல பாம்படம், தோள்ல சரிஞ்ச முந்தி, போட்டோ பாத்து உங்கப்பாவே கண்ணத் தொடச்சாக. உருவம் அப்பத்தாவோடது, பேரு மட்டும் அய்யாவுக்குப் போயிருச்சு.

அய்யாவ நான் கொறச்சு சொல்லல. அந்தக் கை மாதிரி இந்தச் சுத்துல இன்னொரு கை இல்ல. நாலு காலும் தனித்தனியா குழாயாட்டம் எழுப்பி, அது வெயிலுபடாம இறுகுறவரைக்கும் காத்திருந்து, அதுக்கு மேல வயிறு, அதுக்கு மேல கழுத்துனு ஏத்துவாக, எங்கயும் அளவு நாடா கெடையாது, சாண் வச்சுப் பாக்குறதுதான். ஆனா நீ சின்னப் புள்ளயா இருக்கைல பாத்திருப்பே, ஊர்க்காரவுக குதிர செய்யச் சொல்லி ஒரு பிடி மண்ணு, அதான் பிடிமண்ணு, கொண்டாந்து, தட்டுல வெத்தல பாக்கு தச்சணையோட அய்யா கையில குடுப்பாக, அய்யா கும்புட்டு வாங்குவாக, மேளம் அடிப்பாக. மேளம் நின்னதும் அந்தப் பிடிமண்ணு யார் கைக்குப் போச்சுனு பாத்தியா? அப்பத்தா கைக்கு. அத மண்ணுக்குழில தூவி மொத்த மண்ணோடயும் சேத்து மிதிக்கிறது அவுகதான், அவுகளுக்கப்பறம் நான். அந்த ஒரு பிடி எந்தக் குதிரைல எந்தக் கால்ல போயி சேந்துச்சுனு யாராலயும் சொல்ல முடியாது. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

குதிரைக்குக் கண்ணு தொறக்குற அன்னைக்கு நாங்க கும்பலோட கும்பலா நிப்போம். அது மொற, அதுக்கு நான் சண்ட போடல. நீ வேற எடத்துல இருக்கே, அங்க மொற நீ வைக்கிறதுதானே, அதான் கேக்குறேன்.

வயோலா ஃப்ரே பத்தி நீ போன தீவாளிக்கு வந்தப்ப ராவெல்லாம் சொன்னே, எனக்கு ஒண்ணொண்ணும் ஞாபகம் இருக்கு. கலிஃபோர்னியால லோடைனு ஒரு ஊரு, 1933ல பொறந்துச்சு, வீட்டுல திராட்சைத் தோட்டம், 2004ல செத்துப்போச்சு. பத்தடிக்கு மேல ஒசரமா கோட்டு போட்ட ஆம்பளைக, பூப்போட்ட கவுன் போட்ட பாட்டிமாருக, மேல வாரி எறைச்ச மாதிரி கலரு. இம்புட்டு ஒசரம் எந்தச் சூளைக்குள்ள போகும்னு நான் கேட்டேன், துண்டு துண்டா அறுத்து தனித்தனியா சுட்டு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும்னு சொன்னே. உங்கப்பா அத கேட்டுட்டு "அறுத்தா அது சாமி இல்ல"னு போயிட்டாக. நான் அப்பிடி நெனக்கல. நம்ம குதிரைக்கு எடத்துலயே வைக்கோலும் எருவாட்டியும் அடுக்கி மேல மண்ணு பூசி அது மேலயே சூளை கட்டிக்கலாம், அந்த அம்மா பட்டணத்துல எங்கிட்டு கட்டும், பொழைக்கிற வழியத்தான் பாத்திருக்கு.

எனக்கு அந்த அம்மாகிட்ட புடிச்சது வேற. பழைய சாமான் சந்தைல போயி சின்னச் சின்ன பீங்கான் பொம்மையா பொறுக்கியாந்து, அத ஒண்ணோட ஒண்ணு சேத்து, பெருசாக்கி செய்யும்னு சொன்னேல்ல, அப்பவே எனக்கு சுருக்குனு இருந்துச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா, பள்ளத்தூர் ஆச்சி வீட்டுக்கு பொங்கப்பானை குடுக்கப் போவோம், பானைய எறக்கி வச்சு நான் ஆச்சிகிட்ட பேசிட்டு திரும்புனா உன்னக் காணோம். ரெண்டாங்கட்டுல கண்ணாடி அலமாரிக்கு முன்னாடி மூக்க ஒட்டவச்சு நிப்பே. உள்ள பீங்கான்ல கிருஷ்ணன், லட்சுமி, வீணை வச்ச சரஸ்வதி, ரவிவர்மா படத்த அப்பிடியே பொம்மையாக்குன மாதிரி. ஒரு நா ஆச்சி தெறந்து கையில குடுத்தாக, திருப்பிப் பாத்தா அடியில ஜெர்மனினு எழுதியிருந்துச்சு. பர்மாவுலயும் மலேயாவுலயும் கொண்டுவித்த செட்டிமாருக அந்தக் காலத்துல கப்பல்ல வரவச்சது. நம்ம சாமிய ஜெர்மனிக்காரன் எதுக்குமா செஞ்சான்னு வழி பூரா கேட்டுக்கிட்டே வந்தே, நான் பதில் சொல்லல, எனக்கு வித்த காசு பத்துமாங்குற ஓசன. அந்த வீடு இப்ப பூட்டிக் கெடக்கு, அதே மாதிரி பொம்மைக காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைல உக்காந்திருக்கு, வெலையக் கேட்டா மயக்கம் வரும்.

ஆக அமெரிக்காக்காரி வர்றதுக்கு முன்னாடியே உனக்கு ஆச்சி வீட்டு அலமாரி இருந்துச்சு. மொட்ட மாடிக் கைப்பிடிச் சொவத்துல துப்பாக்கி பிடிச்சு நிக்கிற சுதைச் சிப்பாயப் பாத்து நீ பயந்து அழுதது இருந்துச்சு. அதெல்லாம் லிஸ்ட்ல எழுதுனா கவுரவக் கொறச்சலா?

ஹிம்மத் ஷா பொறந்த ஊரு லோத்தல்னும், அங்க பூமிக்கடியில பழைய ஊரே இருந்துச்சுன்னும், அந்த மனுசன் கடைசிவரைக்கும் சுட்ட மண்ணுல தல தலயா செஞ்சாருன்னும் சொன்னே. நமக்கும் அப்பிடி ஒண்ணு இருக்கு தாயி, நம்ம சிவகங்கை ஜில்லாவுலயே. கீழடிக்கு போன வருஷம் மகளிர் குழுவுல வேன் போட்டு போனோம். மியூசியத்த நம்ம செட்டிநாட்டு வீடு மாதிரியே கட்டியிருக்காக, தூணு, முத்தம்னு. உள்ள கண்ணாடிக்குள்ள சுட்ட மண்ணு மொகம், காதணி, பானை ஓடு. ஓட்டுல ஆதன்னு பழைய தமிழ் எழுத்துல கீறியிருக்கு, மத்த பொம்பளைக "ஏ அப்பா அந்தக் காலத்துலயே எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கு"னு வாயப் பொளந்தாக. எனக்கு ஓட்டோட ஒடஞ்ச ஓரந்தான் கண்ணுல பட்டுச்சு. எவ்வளவு நைசு, ஒரு கல்லு இல்ல, ஒரு வேரு இல்ல. பேரக் கீறுனவன் பானைக்குச் சொந்தக்காரனா இருப்பான். இந்த மண்ண மிதிச்சவ யாருடினு நான் கேட்டேன், அவளுக சிரிச்சுட்டு வெளில ஐஸ் வாங்கப் போயிட்டாளுக.

இத வந்து டீச்சர்கிட்ட சொன்னப்ப அவுக ஒண்ணு சொன்னாக. புறநானூறுல வெண்ணிக் குயத்தியார்னு ஒரு பொம்பள, கரிகாலனையே நேருல பாத்து, உன்னவிட உங்கிட்ட தோத்து, வடக்க பாத்து பட்டினி கெடந்து உசுர விட்டவன் நல்லவன் இல்லியானு பாடியிருக்காம். 66வது பாட்டு. குயத்தினா நம்ம சாதிதான். அம்புட்டுப் பெரிய ராசாகிட்ட வாயாடுனவளுக்கும் சொந்தப் பேரு தங்கல பாத்தியா, வெண்ணி ஊரு குயத்தி, அவ்வளவுதான். நல்லவேளையா மானாமதுரைல மீனாட்சி கேசவன் அம்மா இருக்காக, கச்சேரில வாசிக்கிற கடத்த தட்டித் தட்டிச் செஞ்சே சங்கீத நாடக அகாடமி விருது வாங்குனவுக, பிரணாப் முகர்ஜி ஜனாதிபதியா இருக்கைல. தட்டுன கைக்கு பேரு கெடச்சிருச்சு. மிதிச்ச காலுக்கு இன்னும் வரல, ஹா ஹா.

சரி, வெடிச்ச கதைக்கு வாரேன். நீ கையக் கொற சொல்றே. கை நல்ல கை, அது உங்க அய்யா கை. வெடிச்சது மண்ணு. பாக்கெட் மண்ண வாங்கி அப்பிடியே பிரிச்சு வச்சு செஞ்சேன்னு நீயே சொன்னே, மாவு மாதிரி நைசுனு வேற பெருமையா சொன்னே. கோப்பை செய்ய நைசு மண்ணு சரி. நாலடி பொம்பளைக்கு, அதுவும் இடுப்புல மூணு வெரக்கட கனம் வச்சுட்டு, நைசு மண்ணுல உள்ள ஈரம் எந்த வழியா வெளில வரும்? நம்ம எதுக்கு கரம்பை மண்ணுல மணலும் உமியும் போட்டு மிதிக்கிறோம், சூளைல உமி எரிஞ்சு போனா அந்த எடமெல்லாம் ஓட்ட ஓட்டயா நிக்கும், மண்ணு மூச்சு விடும். குதிர வயித்துக்கு அடியில அய்யா எதுக்கு ஓட்ட விட்டாக, அழகுக்கா? தண்ணி ஆவியானா ஆயிரத்தி எழுநூறு மடங்கு பெருசாகும்னு நீதான் எனக்கு கணக்கு சொன்னே, கணக்கு தெரிஞ்ச புள்ள கன்னத்துல வச்சுப் பாக்கலியே. அப்பத்தா சொல்லிக் குடுத்ததுதான் அது, காஞ்சிருச்சானு கையில தொட்டுப் பாக்காத, கை பொய் சொல்லும், கன்னத்துல வை, ஜில்லுனு இருந்தா உள்ள ஈரம் இருக்கு, இன்னும் நாலு நாளு கெடக்கட்டும். மொத நாளு தீ பொகையாத்தான் போகணும், எரியவே கூடாது, மொத்தச் சூளையும் வேர்த்து முடிக்கட்டும். அப்பறம்தான் தீ. கரண்டு சூளையா இருந்தா என்ன, சுவிச்ச மெதுவா திருப்பு. உனக்கு கண்காட்சி தேதி அவசரம், புரியுது. மண்ணுக்கு அது தெரியாதுல்ல.

மிதிக்கிறதுனா சும்மா கூத்தாடுறது இல்ல தாயி. ஓரத்துலருந்து ஆரம்பிச்சு குதிங்கால வச்சு சுத்திச் சுத்தி உள்ள வரணும், மறுபடி ஓரத்துக்குப் போகணும். கால்வெரலு இடுக்குல கல்லு நெருடும், குனிஞ்சு எடுத்து எறியணும். சுக்கான்கல்லு, அதான் சுண்ணாம்புக்கல்லு, மட்டும் இருந்துரக் கூடாது, ஒரு மொச்சக்கொட்ட அளவு போதும், சுட்டப்ப ஒண்ணும் தெரியாது, மழைத் தண்ணி பட்டதும் ஊதி, குதிர மூஞ்சிய பேத்துக்கிட்டு வந்துரும். அப்பிடி ஒரு வருஷம் கோயில்ல மூணு குதிரைக்கு மூஞ்சி பேந்துச்சு, நான் கல்யாணம் ஆகி வந்த மொத வருஷம், மிதிச்சவ நான்தான். ஊர்ல யாரும் என்னக் கேக்கல, அய்யாவத்தான் கேட்டாக. அப்பத்தா மட்டும் ராத்திரி என் காலப் புடிச்சுப் பாத்து "வெரலு மரத்துப் போச்சாடி, நாளைக்கு வெந்நி வச்சு ஊத்து"னு சொன்னாக. வேற ஒரு வார்த்த சொல்லல. தப்பு நடந்தப்பவும் பேரு அய்யாவுக்குத்தான் போச்சுனு வச்சுக்கயேன்.

இப்ப செய்ய வேண்டியது சொல்றேன். ஒடஞ்ச சில்ல குப்பைல போட்டுறாத. அது சுட்டுதானே இருக்கு, ஒரலுல போட்டு இடி, ரவை அளவுக்குச் சலி, புது மண்ணுல கலந்துக்க. நம்ம வீட்டுல ஒடஞ்ச பானைக்கு அதான் கதி. நீ அதுக்கு ஏதோ பேரு சொல்லுவே, கிராக்கோ குரோக்கோ, அதேதான். உமி இங்கருந்து ஒரு மூட்ட லாரி சர்வீஸ்ல போட்டு விடுறேன், அங்க கெடைக்கும்னு சொல்லாத, நம்ம உமி.

இன்னொண்ணு. மறுபடி செய்றப்ப அப்பத்தாவ உக்கார வைக்காத. அவுக உக்காந்து நீ எப்ப பாத்தே? நான் வந்து இருபத்தெட்டு வருஷத்துல சோறு திங்கவும் செத்தப்பவும் தவிர அவுக உக்காந்து நான் பாத்தது கெடையாது. கொசுவத்த இழுத்து சொருகிட்டு குழிக்குள்ள நிக்கட்டும். நிக்கிற பொம்மைக்கு காலு கனம் தாங்காதுனு பயப்படாத, அய்யா குதிரைக்கு எழுப்புன மாதிரியே உள்ள குழாயா எழுப்பு, முட்டிவரைக்கும் ஏத்தி நிறுத்தி இறுகவிட்டு அப்பறம் தொட.

குதிரைகள கோயிலுக்குத் தூக்கிட்டுப் போற புரவி எடுப்புக்கு ஆனி கடைசில வந்துரு, இந்த வருஷம் அரண்மனைப் புரவி ரெண்டு, நேத்திக்கடன் பதினேழு, போன வருஷத்தவிட கொறச்சல்தான், பாதிப்பேரு சிமெண்ட் குதிரைக்குப் போயிட்டாக. பெரிய குழி மண்ணு நாளைக்கு மிதிக்கணும்.

மிதிக்கிற காலு எப்பிடி இருக்கும், குதிங்கால் எம்புட்டு அகலம்னு தெரியாம நீ அப்பத்தாவுக்கு செருப்பு கழட்டாத காலு மாதிரி மெலிசா செஞ்சிருந்தே. சாயங்காலம் குழிலருந்து ஏறுனதும் பக்கத்து வீட்டுப் பையன விட்டு நாலு போட்டோ எடுக்கச் சொன்னேன், முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கமும். கழுவல, மண்ணோடதான் இருக்கு. கீழ அனுப்பியிருக்கேன் பாரு. அளவுக்கு பக்கத்துல அய்யாவோட தட்டுப்பலகைய வச்சிருக்கேன்.

அம்மா